ஒரே வீட்டில் ஒருத்தர் போகிறார், ஒருத்தர் இருக்கிறார்

பேராவூரணிப் பக்கம் என் பெரியம்மா வீடு. அங்கே எனக்கு இரண்டு அண்ணன்கள், இருவருக்கும் மூன்று வயது வித்தியாசம். ஒரே பள்ளிக்கூடம், ஏறக்குறைய ஒரே மார்க், இரண்டு பேரும் படித்தது ஐடிஐயில் எலக்ட்ரீஷியன். ஷார்ஜாவில் இருந்த தாய்மாமா 2007-ல் பெரியவருக்கு விசா எடுத்து அனுப்பினார். 60 நாளுக்குள் போய் இறங்கியாக வேண்டும். பெரியண்ணன் அந்தத் தாளை பீரோவில் பெரியம்மாவின் பட்டுச்சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, கார்த்திகை போகட்டும், மாடு கன்று போடட்டும், சளி சரியாகட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 60 நாள் ஓடிவிட்டது. மாமா ஆறு மாதம் பேசவில்லை. அடுத்த வருஷம் சின்னண்ணனுக்கு அதே மாமா அதே மாதிரி விசா அனுப்பினார், ஒன்பதாவது நாள் அவர் திருச்சி ஏர்போர்ட்டில் நின்றார். பெட்டியில் பாதி காலி. என்னடா இது என்று கேட்டால், "அங்க போய் வாங்கிக்கலாம்" என்றார்.

வீட்டுக் கஷ்டம் இருவருக்கும் ஒன்றுதான். மாமாவும் ஒருவர்தான். வேலையும் சம்பளமும்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் ஏன் ஒருத்தர் போனார், ஒருத்தர் போகவில்லை? பெரியம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அவன் குணம் அப்படி." இந்த ஒரு வரியைத்தான் உளவியல்காரர்களும் சில பொருளாதாரக்காரர்களும் சேர்ந்து கடந்த இருபது இருபத்தைந்து வருஷமாக ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியவந்தது, அதில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஊர் விட்டு ஊர் போவதற்கு நாம் பள்ளியில் படித்த விளக்கம் தள்ளுவதும் இழுப்பதும். மழை இல்லை, வேலை இல்லை, சண்டை நடக்கிறது என்றால் ஊர் தள்ளுகிறது. நல்ல சம்பளம், நல்ல பள்ளி, ஏற்கெனவே அங்கே போய்விட்ட சொந்தக்காரர் என்றால் வெளியூர் இழுக்கிறது. தப்பில்லை, பெரும்பகுதி இதுதான். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு கணக்கு இடிக்கும். ஐநா கணக்குப்படி 2024-ல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் சுமார் 30.4 கோடிப் பேர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, உலக மக்கள்தொகையில் இது வெறும் 3.7 சதவீதம். இன்னொரு பக்கம், 2021-ல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகம் முழுக்கக் கேட்டபோது, வாய்ப்புக் கிடைத்தால் நாட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விடுவேன் என்று சொன்னவர்கள் வயதுவந்தோரில் 16 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 90 கோடிப் பேர். ஆசைக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவில் அவ்வளவு பேர் உதிர்ந்துவிடுகிறார்கள். விசா கிடைக்கவில்லை, பணம் இல்லை, சட்டம் விடவில்லை என்பதால் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள், சரி. பீரோவில் விசாவை வைத்துக்கொண்டே நின்றுவிட்டவரை எதில் சேர்ப்பது?

எவரெட் லீ என்ற அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் 1966-ல் இதைத் தொட்டிருக்கிறார். இடப்பெயர்வில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன என்றார் அவர்: கிளம்பும் ஊர், போய்ச் சேரும் ஊர், நடுவில் இருக்கும் தடைகள், நான்காவதாகப் போகிற ஆள். சிலருக்கு மாற்றம் என்றாலே ஆகாது, அவர்களைக் கிளப்பப் பெரிய காரணம் ஏதாவது வேண்டும், வேறு சிலருக்குச் சின்னத் தூண்டுதலே போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். முதல் மூன்றையும் எண்ணில் அளப்பது சுலபம். கூலி, தூரம், டிக்கெட் விலை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஆளை எப்படி அளப்பது?

அதற்கு ஒரு வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1936-ல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியை எடுத்துவைத்து, மனிதரை வர்ணிக்கும் சொற்களை எல்லாம் பொறுக்கினார்கள். கிட்டத்தட்ட 18,000 சொற்கள் தேறின. மனிதர்களுக்குள் முக்கியமான வித்தியாசம் எதுவாக இருந்தாலும் அதற்கு மொழியில் ஒரு சொல் பிறந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை (நம் ஊரில் கஞ்சன் என்பதற்கு மட்டும் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நம்பிக்கை வந்துவிடும்). பின்னால் வந்தவர்கள் அந்தக் குவியலைச் சலித்துச் சலித்துக் கடைசியில் ஐந்து குணங்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிக் ஃபைவ் என்று சொல்வது இதைத்தான்.

தமிழில் இவற்றுக்குப் பல பேர் வைத்திருக்கிறார்கள், நான் எனக்கு வசதியானதை வைத்துக்கொள்கிறேன். புதுமை நாட்டம் என்றால், ஓட்டலில் பேர் தெரியாத ஐட்டத்தைப் பார்த்து, சரி அதையே கொண்டுவாங்க என்று சொல்கிற குணம். ஒழுங்கு என்பது கரண்ட் பில்லைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டுவது. கலகலப்பு உள்ளவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மகள் கல்யாணம் வரை விசாரித்துவிட்டுத்தான் இறங்குவார். இணக்கம் என்றால் பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்வது, விட்டுக்கொடுப்பது. ஐந்தாவது பதற்றம்: போன் இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால் மனசு ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விடும். இதெல்லாம் இருக்கிறது, இல்லை என்று பிரிக்கிற விஷயம் அல்ல, எல்லோரிடமும் ஐந்தும் உண்டு. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி யாருக்கு எந்த நம்பரில் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இந்த ரெகுலேட்டர் நம்பர்களுக்கும் ஊர் மாறுவதற்கும் என்ன தொடர்பு என்பதைத் தொடர்ந்து துருவிக்கொண்டிருப்பவர் பின்லாந்தைச் சேர்ந்த மார்கஸ் யோகெலா. 2008-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பின்லாந்தில் 1980-ல் குழந்தைகளாக இருந்தவர்களை வருஷக்கணக்கில் விடாமல் பின்தொடரும் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. அதிலிருந்து, 15 முதல் 30 வயதுக்குள் இருந்தவர்களின் சுபாவத்தை முதலில் அளந்துவைத்து, அடுத்த ஒன்பது வருஷத்தில் யார் எங்கே போனார்கள் என்று பார்த்தார்கள். போனபிறகு ஆளைப் பிடித்து "உங்கள் குணம் என்ன" என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போனபிறகு கேட்டால், குணத்தால் போனாரா, போனதால் குணம் மாறிவிட்டதா என்று தெரியாது.

அதில் வந்தது இது. பழகும் சுபாவம் அதிகம் உள்ளவர்கள் நகரங்களுக்குப் போனார்கள், தூரமாகவும் போனார்கள். துறுதுறுவென்று இருப்பவர்கள் பொதுவாகவே அதிகம் இடம் மாறினார்கள். இதுவரை ஆச்சரியம் இல்லை. மூன்றாவதுதான் சுவாரசியம். எளிதில் கலங்கிவிடும் சுபாவம் உள்ளவர்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவர்களும் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் தூரம் போவதில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இந்த ஆளை எனக்குத் தெரியும், காலேஜில் என் ரூம்மேட். வீட்டில் இருந்தால் மூச்சுமுட்டுகிறது என்று தஞ்சாவூரிலிருந்து கிளம்பி வந்தவன், வந்து சேர்ந்தது திருச்சிக்கு. ஒரு மணிநேரத் தூரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிவிடுவான். இருக்கிற இடம் பிடிக்கவில்லை என்று கிளப்பிவிடுவதும் பதற்றம்தான், புது இடத்தை நினைத்துக் காலைப் பிடித்து இழுப்பதும் அதே பதற்றம்தான்.

அடுத்த வருஷம் யோகெலா அமெரிக்கத் தரவை எடுத்துப் பார்த்தார். அங்கே புதுமை நாட்டம் அதிகம் உள்ளவர்கள் மாநிலத்துக்குள்ளும் மாறினார்கள், மாநிலம் விட்டு மாநிலமும் போனார்கள். கலகலப்பானவர்கள் மாநிலத்துக்குள் அதிகம் மாறினார்கள், எல்லை தாண்டுவதில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு நானாக நினைத்துக்கொள்ளும் காரணம்: நாலு பேரோடு சுலபமாகப் பழகுகிறவருக்கு எங்கே போனாலும் ஆள் கிடைக்கும், அது ஒரு பக்கம்; ஆனால் அதே குணத்தால் இங்கேயும் அவருக்கு நாற்பது பேர் இருக்கிறார்கள், அந்த நாற்பது பேரை விட்டுவிட்டுப் போவது அவருக்குத்தான் நஷ்டம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: இணக்கம் குறைவாக உள்ளவர்கள் அதிகம் இடம் மாறினார்கள். இதைக் கேட்டவுடன், ஊரோடு ஒத்துப்போகாத முரடர்கள்தான் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இணக்கமான ஆளை வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், எல்லோரும் அவரிடம்தான் வேலை சொல்வார்கள், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது முதல் தங்கச்சி வீட்டுச் சீர் வரை அவர் தலையில்தான் விழும். "நான் போனா இவங்களை யார் பார்ப்பாங்க" என்ற கேள்வி அவருக்கு ரொம்ப நிஜமான கேள்வி. அது அவ்வளவாக உறுத்தாதவர் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார். போனேவா, ஃப்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் எழுதியதும் இதை ஒட்டித்தான். நாட்டை விட்டுப் போக விரும்புகிறவர்களிடம் சாதிக்க வேண்டும், நாலு பேர் மேல் செல்வாக்கு வேண்டும் என்ற உந்துதல் கூடுதலாகவும், உறவோடு ஒட்டி இருக்க வேண்டும் என்ற தேவை குறைவாகவும் இருக்கிறது என்றார்கள் அவர்கள்.

ஒழுங்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஓர் ஆய்வு ஒரு பக்கம் இழுத்தால் இன்னொன்று மறுபக்கம் இழுக்கிறது. ஜெர்மனியில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் மட்டும், வெளிநாட்டில் கொஞ்ச காலம் படித்துவிட்டு வரப் போனவர்களிடம் கலகலப்போடு ஒழுங்கும் கூடுதலாக இருந்தது. நீண்ட காலத்துக்குப் போனவர்களிடம் கலகலப்போடு புதுமை நாட்டம். பாஸ்போர்ட், ஃபார்ம், கடைசித் தேதி, அட்டெஸ்டேஷன் என்று அலைந்தவர்களுக்கு அந்த ஒழுங்கில் அதிசயம் இருக்காது.

பொருளாதாரக்காரர்கள் ஐந்து குணத்தை எல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் 1984-லிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வருஷாவருஷம் பேட்டி எடுக்கும் ஒரு திட்டம் உண்டு. அதில் ஒரு கேள்வி: பொதுவாக நீங்கள் ரிஸ்க் எடுக்கிற ஆளா, தவிர்க்கிற ஆளா? சுத்தமாக எடுக்கமாட்டேன் என்றால் 0, தாராளமாக எடுப்பேன் என்றால் 10, நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஒரு நம்பர் சொல்லலாம். அவ்வளவுதான். இந்த நம்பர் கூடுதலாகச் சொன்னவர்கள் நாட்டுக்குள்ளேயே ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொரு வட்டாரத்துக்குப் போவது கூடுதலாக இருந்தது என்று 2010-ல் ஒரு குழு எழுதியது. ஒரு கேள்வி, அரை நிமிஷம், அதற்கு இவ்வளவு கனம். இந்தக் கேள்வியைப் பிறகு நான் வேறு ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நார்வேயில் இன்னும் சுவையான தரவு கிடைத்தது. அங்கே கட்டாய ராணுவ சேவைக்கு வரும் இளைஞர்களை உளவியலாளர்கள் பேட்டி எடுத்து, புது இடத்தில் புது ஆட்களோடு ஒத்துப்போகும் திறன் எவ்வளவு என்று குறித்துவைப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. பின்னாளில் அந்தக் குறிப்பையும் அவர்கள் எங்கெல்லாம் குடிபோனார்கள் என்ற பதிவையும் சேர்த்துப் பார்த்தால், ஒத்துப்போகும் திறன் உள்ளவர்கள் அதிகம் வெளியே போயிருக்கிறார்கள், அதுவும் குறைவாகப் படித்தவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. யோசித்தால் புரிகிறது. படித்தவர் ஊர் மாறினால் கம்பெனி வீடு பார்த்துத் தரும், ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும், இறங்கினால் கார் நிற்கும். படிக்காதவருக்கு அவர் சமர்த்துதான் எல்லாம்.

இதுவரை போகிறவரைப் பார்த்தோம். போனபிறகு ஊரில் மிச்சம் இருப்பவர்கள் யார் என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி ஆகிறது.

இத்தாலியைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன, படகில் போனால் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்கூட. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்தத் தீவுக்காரர்களையும் எதிர்க்கரைக்காரர்களையும் ஒப்பிட்டார்கள். இருவருக்கும் பாஷை ஒன்று, சாப்பாடு ஒன்று, கடல் ஒன்று. ஆனால் தீவுக்காரர்களிடம் புதுமை நாட்டமும் கலகலப்பும் குறைவு, ஒழுங்கும் மன அமைதியும் கூடுதல். சரி, தீவு வாழ்க்கை ஆளை அப்படி ஆக்கிவிடுகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம், சின்ன இடம், அதே முகங்கள். ஆய்வு செய்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்ததால் இன்னும் இரண்டு வகை ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள்: வெளியிலிருந்து வந்து தீவில் குடியேறியவர்கள் ஒரு வகை, தீவில் பிறந்து வெளியே போய்விட்டவர்கள் இன்னொரு வகை. தீவு மண்தான் காரணம் என்றால், அங்கேயே பிறந்து வளர்ந்து போனவர்களும் உள்ளே இருப்பவர்கள் மாதிரிதானே இருக்க வேண்டும்? இல்லை. போனவர்கள் கலகலப்பிலும் புதுமை நாட்டத்திலும் தங்கியவர்களைவிடக் கூடுதலாக இருந்தார்கள். பரம்பரை பரம்பரையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பங்களில்தான் அந்த அடக்கம் அதிகம் தெரிந்தது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: ஒவ்வொரு தலைமுறையிலும் துடிப்பானவர்களில் சிலர் படகேறிவிடுகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் வேறு எங்கேயோ பிறக்கிறார்கள், தீவில் மிஞ்சுவது தங்குகிற குணம் உள்ளவர்களின் வம்சம். சல்லடை தினமும் ஆடவேண்டியதில்லை, நூற்றாண்டுக்கு நாலு தடவை ஆடினால் போதும். மரபணு வரை இதை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு, நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் போனவர், தங்கியவர் வித்தியாசம் மட்டும் மனதில் நிற்கிறது.

இதே சல்லடையை ஒரு நாடு முழுக்கப் பார்க்க வேண்டுமானால் ஸ்காண்டிநேவியாவுக்குப் போக வேண்டும். 1850-லிருந்து 1920 வரை நார்வே, சுவீடன், டென்மார்க்கிலிருந்து மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கப்பலேறிப் போய்விட்டது, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. அந்தக் காலத்து ஆட்களுக்கு யார் பிக் ஃபைவ் சோதனை வைத்தது? யாரும் வைக்கவில்லை. ஆனே சோஃபி பெக் க்நூட்சன் என்ற டென்மார்க் பொருளாதார ஆய்வாளர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்: பேர். ஊரில் எல்லோரும் வைக்கிற பேரையே பிள்ளைக்கு வைக்கும் வீடு ஒரு ரகம், யாரும் வைக்காத பேரைத் தேடி வைக்கும் வீடு இன்னொரு ரகம். கூட்டத்தோடு போகிற வீடா, தனிவழி பார்க்கிற வீடா என்பதற்கு அது ஓர் அடையாளம். பழைய மக்கள்தொகைக் கணக்கையும் குடிபெயர்ந்தோர் பதிவுகளையும் அடுக்கிப் பார்த்தால், அபூர்வப் பேர் வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறுவது கூடுதலாக இருந்திருக்கிறது. அதிகம் பேர் போன வட்டாரங்களில் தனிவழிப் போக்கு குறைந்து, ஊரோடு ஒத்துப்போகும் போக்கு மிஞ்சியது என்கிறார் அவர். எங்கள் தெருவில் 1980-களில் பிறந்த பையன்களில் எனக்குத் தெரிந்து ஆறு செந்தில், நாலு முருகேசன். அதில் யார் யார் வெளிநாட்டில் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றும் தேறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போனபிறகு அந்தக் குணம் ஆளை என்ன செய்கிறது என்பதும் இதோடு சேர்ந்த கதை. ஷிகேஹிரோ ஓயிஷி, உல்ரிக் ஷிம்மாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010-ல், 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்து, சின்ன வயதில் எத்தனை தடவை வீடு மாறினீர்கள் என்று கேட்டார்கள். நிறைய மாறியவர்களுக்குப் பெரியவர்களானபின் மனநிறைவு குறைவாக இருந்தது, ஆனால் அது கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் மட்டும்தான். கலகலப்பானவர்களிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வரும் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் எல்லா ஊரிலும் நண்பன் இருக்கிறான் என்பான், அவன் கூடப்பிறந்தவள் எந்த ஊரிலும் எனக்கு யாரும் இல்லை என்பாள். யார் போவது என்பதில் குணம் ஒரு தடவை வேலை செய்கிறது, போன இடத்தில் வேர் பிடிக்குமா என்பதில் மறுபடி வேலை செய்கிறது.

இதன் எதிர்ப்பக்கமும் நடக்கிறது, போய்வருவதும் குணத்தை மாற்றுகிறது. முன்பு சொன்ன ஜெர்மன் மாணவர்களைத் திரும்பி வந்தபின் மறுபடி அளந்தபோது, வீட்டிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டால் போய்வந்தவர்களுக்குப் புதுமை நாட்டமும் இணக்கமும் கூடியிருந்தது, பதற்றம் இறங்கியிருந்தது. அதனால் "வெளிநாடு போனவன் தைரியசாலி" என்று ஊரில் சொல்லும்போது, எது முதலில் வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது எனக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதில் பெரும்பகுதி பின்லாந்து, ஜெர்மனி, நார்வே, அமெரிக்கா. போவதும் இருப்பதும் பெருமளவு அவரவர் கையில் இருக்கும் நாடுகள். அமெரிக்கக் கண்டங்களின் 22 நாடுகளில் கேட்டபோதும் புதுமை நாட்டமும் கலகலப்பும் உள்ளவர்கள்தான் நாட்டை விட்டுப் போகும் எண்ணம் அதிகம் என்றார்கள் என்பது உண்மை, ஆனால் அது எண்ணம். முடிவு எடுப்பவரே வேறு ஒருவராக இருந்தால்? இந்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2020-21-ல், இடம் மாறிய பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் கல்யாணம். என் பெரியம்மாவே 19 வயதில் அறந்தாங்கியிலிருந்து பேராவூரணிக்கு வந்தவர்தான். அவருடைய புதுமை நாட்டம் எத்தனை, பதற்றம் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய் நாள் குறித்து அனுப்பினார்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் நடக்கும் பெரிய இடப்பெயர்வு இதுதான், இதில் போகிறவர் குணத்துக்கு ஓட்டே இல்லை.

இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தன் ஊருக்கே வந்து, சொந்தக்காரர், தெருக்காரர் என்று முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். 1876-78 பஞ்சம் மாதிரி ஒன்று பின்னாலிருந்து தள்ளும்போது, கலகலப்பானவர் கூச்சக்காரர் என்று யார் பிரிப்பது? இலங்கையில் போனபிறகும் கடன் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு மாறலாம் என்று கட்டிவைத்திருந்தார்கள், "துண்டு" முறை என்றே அதற்குப் பேர், 1921-ல்தான் ஒழிந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பியவரிடம் போய் உங்களுக்கு ரிஸ்க் பிடிக்குமா என்று கேட்டால் அடிக்கத்தான் வருவார். தள்ளுவது ரொம்ப பலமாக இருந்தால் குணம் ஒதுங்கிக்கொள்கிறது. தள்ளுவதும் மிதமாக, இழுப்பதும் மிதமாக, போகலாமா வேண்டாமா என்று திண்ணையில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும்போதுதான் அதற்கு இடம் கிடைக்கிறது.

அப்படி இடம் கிடைக்கும்போதும் அதன் கனம் கொஞ்சம்தான். வயது, படிப்பு, கல்யாணம் ஆகிவிட்டதா, சொந்த வீடு இருக்கிறதா என்பதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு சாய்வு தெரியும், அதை வைத்துக்கொண்டு ஒரு தனி ஆளைப் பார்த்து இவன் போவான், இவன் போகமாட்டான் என்று சொன்னால் ஜோசியம் ஆகிவிடும். வேலைக்கு ஆள் எடுக்கிற சிலர் குணச் சோதனை வைத்து "இவர் வெளியூரில் தாக்குப்பிடிப்பாரா" என்று பார்ப்பதாகக் கேள்விப்படும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

போன பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னண்ணனும் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தார், இந்த முறை பெட்டி நிறைய. சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஜெர்மன் கேள்வியை இருவரிடமும் கேட்டேன், 0-லிருந்து 10 வரை நம்பர் சொல்லுங்கள் என்று. சின்னண்ணன் கொஞ்சம் யோசித்து நாலு என்றார். நான் நம்பவில்லை. "என்னடா ரிஸ்க்? மாமா இருந்தாரு, ரூம் இருந்துச்சு, போன மறுநாளே வேலை. ஊர்ல சும்மா இருந்திருந்தாதான் ரிஸ்க்" என்றார்.

பெரியண்ணன் எட்டு என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், விசாத் தாளை பீரோவில் வைத்தவர் எட்டாம். அவர் சிரிக்கவில்லை. கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அவருடைய தென்னந்தோப்பில் ஒரு ராத்திரியில் முக்கால்வாசி மரம் சாய்ந்துவிட்டது. "கடன் வாங்கி மறுபடி தென்னையே வெச்சேன்டா. அதுவும் நெட்டை ரகம், காய்க்கவே ஆறு ஏழு வருஷம். அடுத்த புயல் எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? இவன் எங்கிட்ட நம்பர் கேக்கறான்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் போட எழுந்து போனார்.